தோட்டா வாங்க என்ன காட்ட வேண்டும்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பெல் சிட்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த ஒரு மளிகைக் கடைக்குள் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று வந்து நின்றது. அதில் ஒரு தொடுதிரை, ஓட்டுநர் உரிமத்தைப் படிக்கும் கருவி, முகத்தைப் பார்க்கும் கேமரா. உரிமத்திலுள்ள படமும் எதிரே நிற்பவரின் முகமும் ஒத்துப்போய், வயதும் 21 நிரம்பியிருந்தால், பணம் கட்டியதும் தோட்டாப் பெட்டி கைக்கு வரும். பால், ரொட்டி, தோட்டா என்று மூன்றையும் ஒரே நடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். டெக்ஸாஸைச் சேர்ந்த அமெரிக்கன் ரவுண்ட்ஸ் நிறுவனத்தின் இந்த இயந்திரங்கள் ஓக்லஹோமா, டெக்ஸாஸ் கடைகளிலும் வைக்கப்பட்டன. அவற்றை வைக்கச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

2024இல் கலிஃபோர்னியாவில் தோட்டா வாங்கப் போனவருக்கு வேறு அனுபவம். கடைக்காரர் உரிமத்தை வாங்கித் தேய்ப்பார். தகவல் மாநில நீதித்துறையின் கணினிக்குப் போய்த் திரும்பும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அனுமதி வந்துவிடும். சிலருக்கு மட்டும் நிராகரிப்பு வரும். அப்படி நிராகரிக்கப்பட்டவர் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. துப்பாக்கி வாங்கியபோது ஒரு முகவரியில் இருந்து, பிறகு வீடு மாறியிருப்பார், அவ்வளவுதான்.

பெரும்பாலான மாநிலங்களில் தோட்டா மளிகைச் சாமான். சில மாநிலங்களில் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்தைப் போல. எல்லைக் கோட்டைத் தாண்டினால் பொருளின் தன்மையே மாறிவிடுகிறது. இதை அரசியல் கட்சிகளின் சண்டையாக மட்டும் பார்ப்பது வழக்கம். எனக்கு இது முதலில் ஒரு பேரேட்டின் கதையாகத் தெரிகிறது.

அந்தப் பேரேடு 1968இல் வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. தோட்டா விற்பவரும் உரிமம் பெற வேண்டும், வாங்குபவரின் பெயர், வயது, முகவரியை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று அது சொன்னது. நாடு முழுவதும் கடைகளில் ஏடுகள் நிரம்பின. அவற்றை எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை. எழுதியவை அனைத்தும் காகிதத்தில், கடைக்குக் கடை தனித்தனியாகக் கிடந்தன. வாங்கியவர் தண்டனை பெற்றவரா என்று அந்த இடத்தில் சரிபார்க்க வழியே இல்லை. 1982இல் 22 காலிபர் சிறு தோட்டாக்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1986இல் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்து ஏட்டையே மூடிவிட்டது. தோட்டா மட்டும் விற்பவருக்கு உரிமம் தேவையில்லை. விற்பனையைப் பதிய வேண்டியதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் தபால்வழி விற்கவும் தடையில்லை. ரொனால்ட் ரேகன் மே 19 அன்று கையெழுத்திட்டார்.

அன்றிலிருந்து மத்திய சட்டத்தில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைக் குற்றவாளி போன்ற சில வகையினர் துப்பாக்கியைப் போலவே தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது. கவசத்தைத் துளைக்கும் வகைத் தோட்டாக்களுக்குத் தனித் தடை உண்டு. ஆனால் வாங்க வருபவர் தடை செய்யப்பட்டவரா என்று கடைக்காரர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் பின்னணிச் சோதனை தோட்டாவுக்குக் கிடையாது. அதாவது தடை இருக்கிறது, வாசலில் காவலாளி இல்லை.

வயது வரம்பிலும் ஒரு வேடிக்கை. உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், ரைபிள் தோட்டாவை 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும் விற்கக் கூடாது. தோட்டா எதில் போடப்படும் என்று பெட்டிக்குத் தெரியுமா? 22 காலிபர் தோட்டா சிறு ரைபிளிலும் வெடிக்கும், கைத்துப்பாக்கியிலும் வெடிக்கும். 9 மில்லிமீட்டரும் அப்படித்தான். அதனால் விற்பனை மேசையில் ஒரு சடங்கு நடக்கிறது. 19 வயது இளைஞர் பெட்டியை எடுத்து வைப்பார். “ரைபிளுக்கா, கைத்துப்பாக்கிக்கா?” என்று கடைக்காரர் கேட்பார். “ரைபிளுக்கு” என்றால் விற்கலாம். வேறு பதிலைச் சொல்லித் தொலைத்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஒரே பெட்டி, ஒரே ஆள்; சட்டம் ஒரு சொல்லில் தொங்குகிறது.

இதே முடிச்சில் கலிஃபோர்னியாவும் ஒருமுறை தடுக்கி விழுந்தது. 2009இல் அந்த மாநிலம் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கைத்துப்பாக்கித் தோட்டா என்றால் எது என்று சட்டத்தைப் படித்து ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சட்டம் தெளிவில்லாதது என்று 2011இல் நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. அடுத்த முறை மாநிலம் பாடம் கற்றிருந்தது. எல்லாத் தோட்டாவையும் சேர்த்தே கட்டிப்போட்டது.

வயது விதியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அது உரிமம் பெற்ற வியாபாரியைத்தான் கட்டுப்படுத்துகிறது. தோட்டா மட்டும் விற்பவருக்கோ 1986க்குப் பிறகு உரிமமே வேண்டாம். 2018 மே மாதம் டெக்ஸாஸின் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 17 வயது மாணவன் ஒருவன் பத்துப் பேரைக் கொன்றான். அவன் தோட்டாக்களை இணையத்தில் வாங்கியிருந்தான். வயதைச் சரிபார்க்காமலே விற்றார்கள் என்று பலியானவர்களின் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. வாங்குபவரின் வயதைச் சரிபார்க்கும் முறையைக் கடைப்பிடிப்பதாக விற்பனை நிறுவனம் ஒப்புக்கொண்டது. சட்டம் கேட்காததை வழக்கு கேட்டு வாங்கியது.

துப்பாக்கியை விட்டுவிட்டு ஏன் தோட்டாவைப் பிடிக்க வேண்டும்? இதற்கு மிகக் கூர்மையான பதிலைச் சொன்னவர் நியூயார்க்கைச் சேர்ந்த செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன். நாட்டில் இருக்கும் துப்பாக்கிகள் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் போதும், தோட்டாக்களோ நான்கு ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் பாட்டனின் துப்பாக்கி பேரன் கையிலும் சுடும். தோட்டா வெடித்ததும் தீர்ந்துபோகும் சரக்கு. திரும்பத் திரும்பக் கடைக்குப் போயாக வேண்டும். இலக்கில் பட்டதும் விரிந்து கிழிக்கும் வகைத் தோட்டாவுக்கு 10,000 சதவீத வரி போடலாம் என்று 1993இல் அவர் சொன்னார். நடக்கவில்லை. மாநிலங்கள் இன்று செய்து பார்ப்பது ஒருவகையில் அவர் யோசனையின் நீட்சிதான்.

அப்படிச் செய்து பார்ப்பவை பெரும்பான்மை அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அரிசோனா, டெக்ஸாஸ், அலபாமா போன்றவை மத்திய சட்டத்தின் மேல் பெரிதாக எதையும் ஏற்றிவைக்கவில்லை. டெக்ஸாஸில் குடிபோதையில் இருப்பவருக்குத் தெரிந்தே தோட்டா விற்பது குற்றம். அங்கே கடைக்காரருக்கு இருக்கும் பொறுப்பை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டுப்படுத்தும் மாநிலங்களில் பழமையான முறை அட்டை. இல்லினாய் 1968இலேயே இதைத் தொடங்கியது. துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க வேண்டுமானால் மாநிலக் காவல்துறை தரும் அடையாள அட்டை வேண்டும். பத்து டாலர் கட்டினால் பத்தாண்டுக்குச் செல்லும். விசாரணையெல்லாம் அட்டை கொடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கடையில் அட்டையைக் காட்டினால் போதும். வெளிமாநில இணையக் கடையில் வாங்கினாலும் அட்டையின் நகலை அனுப்ப வேண்டும். கனெக்டிகட் இந்த வழிக்கு வந்தது துக்கத்தில். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, 2013இல் அங்கே புதுச் சட்டம் பிறந்தது. துப்பாக்கி உரிமம் ஏதும் இல்லாதவர் தோட்டா வாங்கத் தனிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 35 டாலர், ஐந்தாண்டு.

மாசசூசெட்ஸ் சொல்லின் பொருளையே அகலமாக்கியது. அங்கே தோட்டா என்ற சொல்லுக்குள் வெற்று உறை, பற்றவைக்கும் சிறு மூடி, ஈயக் குண்டு, வெடிமருந்து எல்லாம் அடக்கம். உரிமம் இல்லாதவர் சுடுகளத்தில் கிடந்த பித்தளை உறையை நினைவுக்காகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால்கூடச் சிக்கல் வரலாம். வீட்டில் தோட்டா செய்துகொள்ளும் பழக்கம் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பரவலாக உண்டு. காலி உறையைப் பொறுக்கி, மருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்தி மறுபடி சுடுவார்கள். பல மாநிலங்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மாசசூசெட்ஸ் கண்டுகொண்டது.

நியூ ஜெர்சியின் கவலை தோட்டாவின் வடிவம். முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவை அங்கே கடையில் வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சுடுகளத்துக்குக் கொண்டுபோகலாம், வேட்டைக்கும் எடுத்துப் போகலாம். கடையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து களம் என்று அந்தத் தோட்டாவுக்குச் சட்டம் வழியே வகுத்துவைத்திருக்கிறது. அந்த வழியை விட்டு விலகினால் குற்றம். ஹட்சன் நதிக்கு அந்தப் பக்கம் நியூயார்க் நகரத்தில் கேள்வி வேறு: உங்கள் உரிமத்தில் எந்தத் துப்பாக்கி இருக்கிறதோ அதற்குப் பொருந்தும் தோட்டாவைத்தான் வாங்கலாம்.

கலிஃபோர்னியா அட்டையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஆளைச் சோதிக்க வேண்டும் என்றது. இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு சிறு ஆய்வு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தோட்டா வாங்குபவர்களின் விவரங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தது. 2004 ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதப் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துக் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். வாங்கியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் தோட்டாவைத் தொடவே கூடாதவர்கள். அவர்கள் வாங்கியவை மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல். 1986இல் பயனில்லை என்று மூடிய ஏடு, கணினி வந்த பிறகு பயன்படும் என்று காட்டிய ஆய்வு அது.

2016 நவம்பரில் இந்தச் சோதனையைக் கேட்ட 63ஆம் முன்மொழிவு மக்கள் வாக்குக்கு வந்தது. அப்போது துணை ஆளுநராக இருந்த கேவின் நியூசம் முன்னின்று நடத்தினார். வாக்களித்தவர்களில் சுமார் 63 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2018 முதல் உரிமம் பெற்ற கடைவழிதான் விற்பனை. இணையத்தில் வாங்கினாலும் சரக்கு கடைக்கு வந்து, அங்கேதான் கைமாற வேண்டும். 2019 ஜூலை 1 முதல் பின்னணிச் சோதனை. நெவாடாவின் ரீனோவில் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வருவதற்கும் தடை.

சோதனையில் இரண்டு வகை. மாநிலத்தின் துப்பாக்கிப் பதிவேட்டில் பெயர் இருந்தால் எளிய சோதனை. தொடக்கத்தில் கட்டணம் ஒரு டாலர், 2025 ஜூலை முதல் ஐந்து. பெயர் இல்லாவிட்டால் 19 டாலர் கட்டி, சில நாள் காத்திருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. வம்பு பதிவேட்டில் இருந்தது. 2014க்கு முன் வாங்கிய ரைபிள்களின், ஷாட்கன்களின் விவரங்களைக் கலிஃபோர்னியா சேமித்து வைக்கவே இல்லை. முப்பது ஆண்டுகளாக வாத்து வேட்டைக்குப் போகும் பெரியவர், பதிவேட்டைப் பொறுத்தவரை துப்பாக்கியே இல்லாதவர். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், வீடு மாறினாலும் எளிய சோதனையில் தேற முடியாது. முதல் ஏழு மாதங்களில் எளிய சோதனைக்குப் போனவர்களில் சுமார் 16 சதவீதம் பேர் நிராகரிக்கப்பட்டார்கள். பின்னர் அது 11 சதவீத அளவுக்கு இறங்கியது. உண்மையில் தடை செய்யப்பட்டவர்கள் என்று பிடிபட்டவர்கள் அந்த ஏழு மாதத்தில் சில நூறு பேர்; ஆவணக் கோளாறால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒரு லட்சம்.

அந்தச் சில நூறு பேரைத் தடுத்ததே பெரிது என்று ஒரு தரப்பு சொல்கிறது. லட்சம் பேரை அலைக்கழித்ததைத்தான் மறுதரப்பு எண்ணுகிறது. அட்டை முறையைக் கொண்ட இல்லினாயில் இந்த அலைச்சல் இல்லை என்பதை இரு தரப்பும் வசதியாக மறந்துவிடுகின்றன. ஆளை ஒருமுறை தீர விசாரித்து அட்டை கொடுத்துவிடுவது, ஒவ்வொரு பெட்டிக்கும் பழைய முகவரியைத் தோண்டுவதைவிட நேர்மையான வழி என்பது என் எண்ணம். அட்டை பெற்ற பிறகு ஒருவர் குற்றம் செய்தால் அதை உடனே பிடுங்க வேண்டுமே என்ற கேள்வி இருக்கிறது. இல்லினாய் அதில் தடுமாறியிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவுக்கு முன்பே இதை யோசித்தது நியூயார்க். 2013 ஜனவரியிலேயே தோட்டாவுக்குப் பின்னணிச் சோதனை என்று சட்டம் போட்டுவிட்டது. அதை நடத்தும் கணினி அமைப்பு தயாராகவில்லை. 2015இல் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ தரப்பும் மாநில செனட்டின் குடியரசுக் கட்சியினரும் அந்தப் பகுதியை நிறுத்திவைக்க உடன்பட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் உறங்கி, 2023 செப்டம்பர் 13 அன்றுதான் சோதனை தொடங்கியது. ஒவ்வொரு முறைக்கும் இரண்டரை டாலர்.

இப்போது இந்தச் சட்டங்களின் தலைவிதி நீதிமன்றத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியா சட்டத்தை எதிர்த்தவர்களில் முதல் பெயர் கிம் ரோடு. 1996 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வென்ற துப்பாக்கி சுடும் வீராங்கனை. பயிற்சிக்கே அவருக்குத் தோட்டா மலைபோல் வேண்டும். சான் டியேகோவில் நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2020 ஏப்ரலில் சட்டத்துக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுநாளே அதை நிறுத்தியது. 2022இல் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் புது அளவுகோல் வைத்தது: துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு இணை இருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தோட்டாவுக்கு யார் பின்னணி பார்த்தார்கள்? 2024 ஜனவரி 30 அன்று பெனிடெஸ் சட்டத்தை மறுபடி தள்ளினார். சில நாள்களில் அதற்கும் இடைக்காலத் தடை வந்துவிட்டது. இடைப்பட்ட அந்த நாள்களில் கலிஃபோர்னியர்கள் வெளிமாநில இணையக் கடைகளில் பெட்டி பெட்டியாக ஆர்டர் போட்டுத் தள்ளினார்கள்.

2025 ஜூலையில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்றது. தோட்டா இல்லாத துப்பாக்கி சுடாது, எனவே தோட்டாவுக்குத் தடை போடுவது ஆயுத உரிமைக்கே தடை என்ற வழியில் நீதிபதி சாண்ட்ரா இகுட்டா வாதத்தைக் கொண்டுசென்றார். மாறுபட்ட நீதிபதி ஜே பைபி, பெரும்பாலோருக்கு ஒரு டாலரும் ஒரு நிமிடத்துக்குக் குறைவான நேரமும்தானே செலவாகிறது என்று கேட்டார். மாநில அரசு பெரிய அமர்வை நாடியது.

வரி வழியில் போகும் மாநிலங்களும் உண்டு. தோட்டாவுக்கு ஏற்கெனவே 11 சதவீத மத்திய வரி இருக்கிறது. அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. கலிஃபோர்னியா 2024 ஜூலையில் தன் பங்குக்கு இன்னொரு 11 சதவீதம் சேர்த்தது. கொலராடோ 2025 ஏப்ரல் முதல் ஆறரை சதவீதம் வாங்குகிறது. சியாட்டில் நகரம் ஒரு தோட்டாவுக்கு ஐந்து சென்ட், சிறிய 22 காலிபருக்கு இரண்டு சென்ட் என்று எண்ணி வாங்குகிறது. நகர எல்லைக்கு வெளியே கடை இருக்கும்போது இதில் எவ்வளவு வசூலாகும் என்று கேட்கவே வேண்டாம்.

வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகும் தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டெக்ஸாஸில் அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமை சுடுகளத்துக்குப் போவது சாதாரண பொழுதுபோக்கு. மாநிலச் சட்டம் எதுவும் கேட்காது. மத்திய சட்டம் கேட்கும். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரருக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் முக்கியமான வாசல் வேட்டை உரிமம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லத்தக்க வேட்டை உரிமம் இருந்தால் தடை விலகும். மான் சுடும் எண்ணமே இல்லாத மென்பொருள் பொறியாளர்கள் வேட்டை உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் விந்தை இப்படித்தான் நடக்கிறது.

ஃபுளோரிடாவில் படிப்பிலிருந்து நீக்கப்பட்டு விசாத் தகுதியை இழந்த வெளிநாட்டு மாணவர் ஒருவர் சுடுகளம் ஒன்றுக்குப் போனார். ஒரு பெட்டித் தோட்டா வாங்கி, வாடகைத் துப்பாக்கியில் ஒரு மணி நேரம் சுட்டார். மிச்சமிருந்த தோட்டாக்களை ஹோட்டல் அறைக்கு எடுத்துப்போனார். அதிகாரிகள் அறையைச் சோதித்தபோது அவை அங்கேயே இருந்தன. துப்பாக்கிக்கு ஒன்று, மிச்சத் தோட்டாவுக்கு ஒன்று என்று அவர் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தன் விசாத் தகுதி போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அவருக்குத் தோட்டா விற்றதற்காகக் கடைக்காரர் எந்த ஏட்டிலும் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை.